ஜாபிதா தர்மம்

அயோக்கியர்கள் கூட்டம் சேர்ந்தால் போலீஸ் வரும். யோக்கியர்கள் கூட்டம் சேர்ந்தால் யார் வருவார்கள்? ஒருவரும் வரமாட்டார்கள். அவர்கள் பாட்டுக்கு ஒரு ஜாபிதா எழுதி, 'இதில் கண்டவர்களோடு நாங்கள் பேச்சு வார்த்தை வைத்துக்கொள்வதில்லை' என்று தீர்மானம் போட்டுவிட்டு, நிம்மதியாகக் காப்பி சாப்பிடப் போய்விடுவார்கள். யார் பேர் இருக்கிறது, எதற்காக இருக்கிறது, எப்போது எடுப்பீர்கள் என்று எவனாவது கேட்டால், இவனையும் அதே ஜாபிதாவில் சேர்த்துவிட்டால் என்ன என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

நான் மின்னஞ்சலைப் பற்றித்தான் பேசுகிறேன். கதை எழுதுகிறவனுக்கு மெஷின் விவகாரம் எதற்கு என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கடிதம் கதைக்காரனின் சொத்து. நம்முடைய நாவல்களில் பாதி, உரிய காலத்தில் போய்ச் சேராத ஒரு கடிதத்தினால்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் மழை, மாமியார், அல்லது தபால்காரரின் ஜுரம். இப்போது காரணம் ஒரு ஜாபிதா. மாமியாரிடமாவது போய்ச் சண்டை போடலாம்.

முதலில் குப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் குப்பைக்காரர்களின் வக்கீல் அல்ல.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வீட்டுக்கு அடிக்கடி ஒரு கார்டு வரும். திருப்பதியில் அர்ச்சகர் முன்னால் ஒரு பாம்பு வந்து மனித உருவம் எடுத்துப் பேசியது. இதைப் படித்தவர் இன்னும் பத்துப் பேருக்கு எழுத வேண்டும். எழுதியவருக்கு லாட்டரியில் பணம் விழுந்தது, எழுதாதவர் ரத்தம் கக்கினார் என்று இருக்கும். அப்பா அதை அடுப்பில் போடுவார். அம்மா அவருக்குத் தெரியாமல் பத்துக் கார்டு வாங்கி வரச் சொல்லுவாள். தொந்தரவுதான். ஆனால் அந்தத் தொந்தரவுக்கு ஓர் எல்லை இருந்தது. கார்டு வாங்கும் காசு, எழுதுகிறவனின் மடியிலிருந்து போக வேண்டும். கையும் வலிக்கும்.

மின்னஞ்சலில் அந்தக் காசும் இல்லை, கைவலியும் இல்லை. 1978-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியின் விற்பனைக்காரர் ஒருவர், அப்போது ஆர்ப்பாநெட் என்று பெயர் பெற்றிருந்த வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு, 'எங்கள் புதுக் கம்ப்யூட்டரை வந்து பாருங்கள்' என்று ஒரே கடிதத்தை அனுப்பினார். திட்டும் கிடைத்தது, வியாபாரமும் ஆயிற்று. ஆன பிறகு கேட்பானேன்? இன்றைக்கு உலகத்தில் பறக்கிற மின்கடிதங்களில் பாதிக்குக் கிட்டத்தட்ட குப்பை. இல்லாத லாட்டரி, செத்துப்போன ஆப்பிரிக்க மந்திரியின் பெட்டி, பாங்கிலிருந்து வந்ததுபோல வேஷம் போட்ட திருட்டு. பென்ஷன் பணத்தை இதில் பறிகொடுத்தவர்களை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். அனுப்புகிறவனுக்குச் செலவில்லை, செலவெல்லாம் வாங்குகிறவன் தலையில். ஆகவே வாங்குகிறவன் கதவைச் சாத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். எப்படிச் சாத்துகிறான் என்பதில்தான் என் சண்டை.

சாத்துகிற விதம் இது. ஒரு கடிதம் வந்து சர்வரின் கதவைத் தட்டும்போது, தட்டுகிற மெஷினின் எண் தெரிந்துவிடும். ஐ.பி. எண் என்பார்கள், நான்கு துண்டாக இருக்கும். சர்வர் அந்த நான்கு துண்டுகளைப் பின்னாலிருந்து முன்னாகத் திருப்பி அடுக்கி, வாலில் ஜாபிதாக்காரருடைய விலாசத்தை ஒட்டி, டி.என்.எஸ். என்கிற உலகப் பெயர்ப் பதிவேட்டில் 'இப்படி ஒரு பெயர் உண்டா?' என்று கேட்கும். 'இல்லை' என்று பதில் வந்தால் வந்தவன் நல்லவன். 127.0.0.2 என்பதுபோல ஓர் எண் பதிலாக வந்தால், வந்தவன் ஜாபிதாவில் இருக்கிறான். ஒரு நொடிகூட ஆகாது. 1997-ல் பால் விக்ஸி என்பவர் முதலில் இப்படி ஒரு பொது ஜாபிதாவை நடத்தினார். 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபர்ட் ஸ்பாம்ஹவுஸ் என்பதைத் தொடங்கினார். இன்றைக்குப் பெரிய ஜாபிதா அதுதான். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயிரம் வீட்டுக்காரர்கள் தனித்தனியே திருடனை அடையாளம் பிடிப்பதற்குப் பதில், ஒருவர் பிடித்ததை எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதற்காக அவர்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. ஈ360 என்ற விளம்பரக் கம்பெனி, எங்களை எப்படி ஜாபிதாவில் சேர்க்கலாம் என்று ஸ்பாம்ஹவுஸ் மேல் அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டு, 2006-ல் 1 கோடியே 17 லட்சம் டாலருக்கு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கிற்று. அப்பீல்மேல் அப்பீலாகப் போய், 2011-ல் அந்தத் தொகை 3 டாலரில் வந்து நின்றது. 3 டாலர்! எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசில் கொடுத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். 2013-ல் குப்பைக்காரர்களின் சகாக்கள் அதே ஸ்பாம்ஹவுஸின் மேல் வலை வெள்ளத்தைத் திறந்துவிட்டு மூழ்கடிக்கப் பார்த்தார்கள். இந்தச் சண்டைகளில் நான் ஜாபிதாக்காரர் பக்கம்தான்.

ஆனால் ஜாபிதா எழுதுகிறவர் வேறு, ஜாபிதாவை வாங்கி மாட்டிக்கொண்டு தூங்குகிறவர் வேறு. என் கோபம் பிரதானமாக இந்தத் தூங்குகிறவர்மேல். ஓர்டிபி என்று ஒரு ஜாபிதா இருந்தது. 2006 டிசம்பரில் கடையைக் கட்டிவிட்டது. ஊரறிய அறிவித்தும் விட்டது. ஆனாலும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் பூட்டின கடையின் கதவைத் தட்டித் தட்டி 'இவன் நல்லவனா, இவன் நல்லவனா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தன. சர்வரை நிர்வகித்த மகானுபாவர்களுக்கு அந்த வரியை அழிக்க நேரமில்லை. 2008 மார்ச்சில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இனிமேல் யாரைப் பற்றிக் கேட்டாலும் 'கெட்டவன்' என்றே பதில் வரும்படி செய்துவிட்டார். அன்றைக்கு அந்த சர்வர்களில் உலகம் முழுவதும் கெட்டுப்போயிற்று. பெற்ற தாய் எழுதின கடிதமும் திரும்பிற்று. இது முதல் தடவையும் அல்ல. 2003-லேயே ஓசிருஸாஃப்ட் என்ற ஜாபிதா, தாக்குதல் தாங்காமல் மூடும்போது இதே காரியத்தைச் செய்தது.

சரி, பழங்கதை என்பீர்கள். இன்றைக்கு நடப்பதைச் சொல்கிறேன். ஸ்பாம்ஹவுஸிடம் இலவசமாகக் கேட்கிறவர் தம் சொந்த வழியில் கேட்க வேண்டும். ஊருக்குப் பொதுவான டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று ஒரு பதில் வரும். 'நீ கேட்கிற வழி சரியில்லை, உனக்குப் பதில் கிடையாது' என்று அதற்கு அர்த்தம். அரைகுறையாகச் சட்டம் பூட்டிய சர்வர் என்ன செய்கிறது தெரியுமா? எந்த எண் வந்தாலும் குற்றவாளிதான் என்று எடுத்துக்கொண்டு, வருகிற கடிதத்தையெல்லாம் விரட்டுகிறது. சாட்சி 'எனக்குக் கேள்வி காதில் விழவில்லை' என்கிறான். நீதிபதி தூக்குத் தண்டனை எழுதுகிறார். இப்படிப்பட்ட நீதிபதிகளின் கையில் நம் கடிதப் போக்குவரத்து இருக்கிறது.

'என் சர்வர், என் இஷ்டம்' என்பது இவர்களுடைய பிரம்மாஸ்திரம். என் வீட்டுக்குள் யாரை விடுவது என்பது என் உரிமை அல்லவா என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஐயா, கடிதம் உமக்கா வந்தது? உம்முடைய சர்வரில் பெட்டி வைத்திருக்கும் ஐந்நூறு பேரில் ஒருவருக்கு வந்தது. நீர் வீட்டுக்காரர் அல்ல, தபால்காரர். வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட தபால் சட்டத்திலும் சரி, அதை எடுத்துவிட்டு நாம் 2023-ல் போட்டுக்கொண்ட சட்டத்திலும் சரி, ஒருவர் கடிதத்தை மறிக்க வேண்டுமானால் சர்க்காருக்கே ஓர் உத்தரவு வேண்டும். அந்தச் சட்டம் மின்னஞ்சலுக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். நியாயமும் இல்லாமல் போய்விடுமா?

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஆதனக்கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் போனவர்களுக்கு முந்திரிக்கொட்டை வறுபடுகிற புகை மூக்கில் ஏறியிருக்கும். சாலையோரம் கூடை வைத்து விற்பார்கள். அங்கே ஓர் அம்மாள், கணவர் காலமான பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரை வைத்துக்கொண்டு பருப்பு வறுத்து, உடைத்து, தரம் பிரித்து, வெளியூர் இனிப்புக் கடைகளுக்கு அனுப்பி வருகிறார். மகள் பி.காம். படித்தவள், கணக்கும் கடிதமும் அவள் பொறுப்பு. வருஷா வருஷம் தீபாவளிக்கு வாங்குகிற ஒரு பெரிய கடையிலிருந்து, 'இந்த வருஷ விலை என்ன?' என்று மெயில் வந்தது. மகள் அன்றைக்கே விலை எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி ஒன்று அனுப்பினாள். அதற்கும் இல்லை. டெலிபோன் பண்ணிக் கேட்கட்டுமா என்றாளாம். அம்மாள் வேண்டாமென்று சொல்லிவிட்டார். "விலை கட்டலை போலிருக்கு. திரும்பத் திரும்பக் கேட்டா நாமளே நம்மளைக் கேவலப்படுத்திக்கிட்ட மாதிரி" என்று அவர் எண்ணம். தை மாதம் அந்தக் கடைக்காரர் வேறு காரியமாக இந்தப் பக்கம் வந்தவர், வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒரு பதில் போடக்கூடாதா? நீங்க வேற இடத்துக்குக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சு நாங்க பண்ருட்டியில வாங்கிக்கிட்டோம்" என்றார்.

இரண்டு கடிதங்களும் எங்கே போயின? அந்த அம்மாளுக்கும் இன்னும் நாற்பது சிறு வியாபாரிகளுக்கும் மெயில் சர்வர் வைத்துப் பராமரிப்பவர் எங்கள் ஊர்ப் பையன் ஒருவர். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். மலிவாக ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து ஒழுங்காக நடத்துகிறார். என்னிடம் வந்து உட்கார்ந்து விளக்கினார். அவருடைய எண்ணுக்கு அடுத்த எண்களில் ஒன்றை எவனோ ஒருவன் வாடகைக்கு எடுத்துக் குப்பை அனுப்பியிருக்கிறான். ஜாபிதாக்காரர், அந்த ஓர் எண்ணோடு நிற்காமல், அந்த வரிசையிலுள்ள 256 எண்களையும் மொத்தமாகச் சேர்த்துவிட்டார்.

"தம்பி, இந்த 256 பேரில் குற்றவாளி எத்தனை பேர்?"

"ஒருத்தன்தான் ஐயா. மிஞ்சிப்போனா ரெண்டு பேர்."

"பாக்கிப் பேர்?"

"அவனுக்குப் பக்கத்து வீடு."

பக்கத்து வீடு என்பதே குற்றம்! இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம் என்னவென்றால், அக்கம்பக்கத்தார் எல்லாரும் கஷ்டப்பட்டால்தான் வாடகைக்கு விடுகிற கம்பெனிக்கு உறைக்குமாம். கெட்டவனை அப்போதுதான் காலி பண்ணச் சொல்லுமாம். ஊரைக் கொளுத்தினால் திருடன் ஓடிவிடுவான் என்பதும் வாஸ்தவம்தான்.

சரி, ஜாபிதாவில் பேர் இருந்தது, கடிதத்தை ஏற்கவில்லை; ஏற்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வாசலிலேயே '550, உம்மை ஏற்பதற்கில்லை, இன்ன ஜாபிதாவில் உம் பேர் இருக்கிறது' என்று ஒரு வரி சொல்லித் திருப்பியிருந்தால், அனுப்பின சர்வர் அந்தப் பெண்ணுக்கு உடனே தகவல் சொல்லியிருக்கும். அவள் டெலிபோனை எடுத்திருப்பாள். அந்தக் கடையின் சர்வர் என்ன செய்தது? 'வாருங்கள், கடிதம் கிடைத்தது' என்று சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு, பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டது. இந்தக் கபடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வேறொரு ஜாபிதா ஞாபகம் வரும். அதைச் சொல்லத் தயங்கினேன்; சொல்லித்தான் ஆக வேண்டும். 1871-ல் வடக்கே குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். 1911-ல் அதைச் சென்னை ராஜதானிக்கும் நீட்டினார்கள். மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் அது ரேகைச் சட்டம் என்று பெயர் பெற்றது. திருடினவன், திருடாதவன் என்ற பேச்சே கிடையாது. ஆண்பிள்ளையாகப் பிறந்தால் விரல் ரேகையைப் பதிய வேண்டும். ராத்திரி போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அவர்கள் காவலில் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்றவர்களைச் சுட்டார்கள். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அதே காலத்தில் எங்கள் புதுக்கோட்டைச் சீமையை ஆண்டுகொண்டிருந்த தொண்டைமான் மன்னர்களும் கள்ளர் சமூகத்தவர்தாம். கிளை வேறு, நாடு வேறு. ஆனாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் பட்டாபிஷேகம், அந்தப் பக்கம் கட்டைவிரல் மை. சென்னை ராஜதானியில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ஒரு மெஷினின் எண்ணையும், மனிதர்கள் பட்ட அந்த அவமானத்தையும் ஒரே தராசில் வைக்கிற பாவத்தை நான் செய்யமாட்டேன். நான் சொல்வது ஜாபிதாவின் சுபாவத்தை. அதற்கு ஆளைத் தெரியாது; இருக்கும் இடத்தைத்தான் தெரியும். உள்ளே போக ஒரு நிமிஷம், வெளியே வர ஒரு தலைமுறை. எழுதினவர்கள் எல்லாரும் தங்களை மகா உத்தமர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பெரிய மனிதருக்கும் இது நேரும். 2018 செப்டம்பர் 24-ஆம் தேதி நடந்தது பலருக்கு ஞாபகமிருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து உலகம் பூராவும் மென்பொருள் விற்கிற ஸோஹோ கம்பெனியின் பெயரை, அதைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி திடீரென்று முடக்கிவிட்டது. ஸோஹோ மெயிலை வைத்து யாரோ மோசடிக் கடிதம் அனுப்பினார்கள் என்று புகார் வந்ததாம். எத்தனை புகார்? இரண்டு மாதத்தில் மூன்று என்றும், அதில் இரண்டின்மேல் உடனே நடவடிக்கை எடுத்தாயிற்று என்றும் ஸோஹோ சொல்லிற்று. மூன்று கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்துகிற கம்பெனி! அதன் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் நின்று கூப்பாடு போட்டார். தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது; சில மணி நேரத்தில் பூட்டுத் திறந்தது. பிறகு அவர்கள் பெயரையே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நல்லது. ஆதனக்கோட்டை அம்மாள் எந்த ட்விட்டரில் கூப்பாடு போடுவார்? போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்?

எங்கள் பையனுடைய அனுபவத்தைக் கேளுங்கள். ஜாபிதாவிலிருந்து எடுக்கச் சொல்லி மனுப் போட்டார். நீர் கேட்டால் எடுக்க மாட்டோம், உம்முடைய வாடகைக் கம்பெனி கேட்கட்டும் என்று பதில் வந்தது. வாடகைக் கம்பெனியோ, மாதம் சில நூறு ரூபாய் தருகிற வாடிக்கைக்காரருக்காக அலட்டிக்கொள்வதாக இல்லை. அவசரமானால் பணம் கட்டலாம், சீக்கிரம் எடுத்துத் தருகிறோம் என்று ஜாபிதாக்காரரிடமிருந்து இன்னொரு வரி. எல்லாரும் அப்படியல்ல, ஸ்பாம்ஹவுஸ் பேரை எடுப்பதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் 2024-ல் மூடப்பட்ட ஸார்ப்ஸ் என்ற ஜாபிதா, ஒரு காலத்தில், 50 டாலரைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு வா என்று கேட்டதுண்டு. தர்மத்துக்குத்தானே என்பார்கள். செய்யாத குற்றத்துக்கு அபராதம், உண்டியலில் போட்டால் மட்டும் இனிக்குமா?

இந்த வம்பே வேண்டாம், பேசாமல் கூகிளிடமோ மைக்ரோஸாஃப்டிடமோ பெட்டி வாங்கிக்கொள் என்று புத்திமான்கள் யோசனை சொல்கிறார்கள். பையனும் ஒரு சமயம் அதைத்தான் யோசித்தார். அப்புறம்? நாற்பது பேரும் போவார்கள். அடுத்த ஊர் நாற்பது பேரும் போவார்கள். உலகத்துக் கடிதமெல்லாம் இரண்டு மூன்று கம்பெனிகளின் கிடங்கில் போய் விழும். மிச்சமிருக்கும் சிறு சர்வர்களை 'யாரோ தெரியாத ஆசாமி' என்று அவர்கள் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். குப்பையை ஒழிக்கப் புறப்பட்ட ஜாபிதா, குப்பைக்காரனை விட்டுவிட்டுச் சிறு கடைக்காரனை ஒழித்த கதையாக முடியும். குப்பைக்காரன் நாளைக்கு வேறு எண் வாங்கிக்கொள்வான். அவனுக்கு எண் செருப்பு மாதிரி.

டெலிபோனுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் நம் நாட்டில் 2007-லேயே டிராய் ஒரு ஜாபிதா ஏற்படுத்தியது. 2010-லும் 2018-லும் விதிகளை மாற்றி எழுதியது. அது வேறு மாதிரி ஜாபிதா. 'எனக்குத் தொந்தரவு வேண்டாம்' என்கிறவர்கள், 1909 என்ற எண்ணுக்குச் சொல்லித் தங்கள் பேரைத் தாங்களே சேர்த்துக்கொள்கிறது. வேண்டாமென்றால் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். புகார் சொல்லவும் வழி உண்டு. இதனால் தொந்தரவு நின்றுவிட்டதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்தப் பாராவை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓர் இனிய குரல் எனக்குக் கடன் வேண்டுமா என்று விசாரித்தது. இருந்தாலும் கேட்பதற்கு ஒரு வாசற்படி இருக்கிறது. மின்னஞ்சலுக்கு அதுவும் இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. ஜாபிதாவைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, சாட்சியாகக் கேளுங்கள். ஸ்பாம்அஸ்ஸாஸின் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஜாபிதாவில் பேர் இருந்தால் இத்தனை மார்க், கடிதத்தின் வாசகம் சந்தேகமாயிருந்தால் இத்தனை மார்க் என்று கூட்டி, 5 மார்க் வந்தால்தான் குப்பை என்கிறது. பள்ளிக்கூட வாத்தியாருக்குள்ள நிதானம் அதற்கு இருக்கிறது. ஏற்க மாட்டீர்களானால் வாசலிலேயே முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கிணற்றில் போடாதீர்கள். ஜாபிதா எழுதுகிறவர் என்ன காரணத்துக்காக, எந்தத் தேதியில் பேரைச் சேர்த்தார் என்று எழுதி வைக்கட்டும். குப்பை நின்று இத்தனை நாளானால் பேர் தானாக விழுந்துவிடட்டும். பக்கத்து வீட்டுக்காரனைச் சேர்க்கிற ஜாபிதாவை ஒருவரும் வாங்காமலிருந்தால், அது தானே படுத்துவிடும்.

மின்னஞ்சல் விதிகளை எழுதினவர்கள் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். கடிதம் வாங்குகிற ஒவ்வொரு சர்வரிலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பேரில் ஒரு பெட்டி இருந்தே ஆக வேண்டும். அதற்கு வருகிற கடிதத்தை ஏற்கவும் வேண்டும். பையனுடைய சர்வரில் எனக்கும் ஒரு பெட்டி போட்டுக்கொண்டு, அந்த நாற்பது வியாபாரிகளின் கடிதங்களைக் காணாமல் போக்கிய பத்து இடங்களின் போஸ்ட்மாஸ்டருக்கு, மரியாதையாக, இங்கிலீஷில், விவரம் எழுதினேன். இரண்டு இடத்திலிருந்து மனிதர்களே பதில் எழுதினார்கள். ஒருவர் அன்றைக்கே சரிசெய்துவிட்டு வருத்தமும் தெரிவித்திருந்தார். ஐந்து இடத்திலிருந்து மூச்சில்லை. இரண்டு கடிதங்கள் 'அப்படி ஒரு பெட்டி இங்கே இல்லை' என்று திரும்பிவிட்டன. பத்தாவது இடத்திலிருந்து வந்த பதிலைப் பையன் படித்துக் காட்டினார். நான் எழுதிய கடிதம் ஜாபிதாவிலுள்ள எண்ணிலிருந்து வந்திருப்பதால் ஏற்பதற்கில்லையாம். ஆட்சேபம் இருந்தால் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத வேண்டுமாம்.